வாய் திறக்காத மட்டக்குதிரை

குதிரை வண்டில் ஓட்டுகிறவரைக் கட்டினால் மாமியாரின் வாயைவிடக் குதிரையின் வாயைத்தான் கூடக் கவனிக்க வேணும். விடிய எழும்பி மாட்டையோ மனுசனையோ கிளப்பி அனுப்புகிற பெண்டுகளுக்கு என் பாடு விளங்கும். கோப்பாயிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்கு ஆள் ஏற்றுகிற வண்டில் எங்களுடையது.

வாயின் அளவு

பழைய குதிரை செத்த பிறகு என் மனுசன் நெடுந்தீவிலிருந்து ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்தார். பழைய கடிவாளத்தின் வாய்க்கம்பி அதன் சின்ன வாய்க்குள் அங்கும் இங்கும் ஓடிக் கடைவாயைப் புண்ணாக்கிப் போட்டுது. நான் ஒரு பூவரசங்குச்சியை வாய்க்குக் குறுக்கே வைத்து, ரெண்டு பக்கமும் ஒரு நெல்லுமணி நீளம் விட்டு முறித்தேன்.

இவர் வண்டில் சில்லோடு மினக்கெட்டதால் கொல்லரிடம் நான் போக வேண்டியதாயிற்று. பிற ஆம்பிளைகளோடு கதைத்துப் பழக்கமில்லை. குச்சியை நீட்டினேன். "வாய்க்குப் போட" என்றது மட்டும்தான் வெளியே வந்தது; ஆருடைய வாய்க்கென்று வரவில்லை. கொல்லர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செய்து தாறன் பிள்ளை. உம்மடை மனுசன் ஓமெண்டிட்டாரோ?"

முழுக்கு நாள்

புதுக்கம்பி அளவாய் இருந்தது. புண்ணும் ஆறிற்று. ஆனால் குதிரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கிற்று. புதனும் சனியும் மட்டும் கேட்க முதல் வாயைத் திறக்கும். மற்ற நாளில் கெஞ்சி மாட்ட வெயில் ஏறிவிடும். சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டு போகிற பொன்னம்மாக்கா தன் ஓலைக் கடகத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "இனி நான் பஸ்ஸிலை போறன்" என்பா.

"செவ்வாய்க்கிழமை நெடுந்தீவுக்காரன் வருவான். திருப்பிக் குடுக்கிறன்" என்றார் இவர். என் மகள் அந்தக் குதிரையைப் பார்த்தால்தான் ஒரு வாய் சோறு வாங்குவாள். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"புதனும் சனியும் ஆம்பிளையள் எண்ணெய் வைச்சுத் தோயிற நாளெல்லே. உதுக்கும் முழுக்குக் கேக்குது போலை" என்று பொன்னம்மாக்கா பகிடிக்குச் சொன்னா. இவர் அதை மெய்யென்று எடுத்து, திங்கள் விடிய குதிரையின் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தார். அது பல்லைக் கடித்தபடியே தலையை ஒரு உலுக்கு உலுக்கிற்று. பொன்னம்மாக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"எனக்கு முழுக்கு வெள்ளிக்கிழமைதான், தம்பி."

பொச்சு

அன்று பின்னேரமும் வழமைபோலக் கம்பியைக் கிணற்றடியில் சட்டிகளோடு போட்டுச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு தேய்த்தேன். என் துப்புரவில் எனக்குக் கொஞ்சம் பெருமை. எண்ணெய்ப் பிசுக்குப் போய்விட்டதோ என்று கம்பியை மூக்கடியில் பிடித்தேன். மீன் குழம்பு மணந்தது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மச்சமில்லை, மரக்கறிதான். அந்த நாட்களில் கழுவின கம்பிதான் புதனும் சனியும் குதிரையின் வாய்க்குப் போகிறது. மற்ற நாளெல்லாம் நான் அதுக்கு மீன்சட்டியைத்தான் ஊட்டியிருக்கிறேன்.

புதுப்பொச்சு எடுத்து, தனித் தண்ணீரில் கழுவி, அறுகம்புல்லாலும் தேய்த்து வைத்தேன். விடிய நெடுந்தீவுக்காரன் கயிற்றோடு படலையடியில் வந்து நின்றான். "இஞ்சாருங்கோ, நான் போடுறன்" என்று இவரின் கையிலிருந்து கடிவாளத்தை வாங்கினேன். குதிரை கம்பியை மணந்து பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது. நெடுந்தீவுக்காரன் கயிற்றைச் சுருட்டினான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு மீன்சட்டி விசயத்தைச் சொன்னேன். இவர் குதிரையின் கழுத்தைத் தடவினார். பொன்னம்மாக்கா கடகத்தை வண்டிலில் ஏற்றினா.

"மச்சம் தின்னிற வீட்டிலை குதிரையாவது சைவமாய் இருக்கட்டும். வண்டிலை விடு, தம்பி."

இந்தத் தொழிலில் நான் படித்தது இவ்வளவுதான்: வாய் திறக்காததுகளை ஏச முதல், அதுகளுக்கு என்னத்தை நீட்டுகிறோம் என்று ஒருக்கால் மணந்து பார்க்க வேணும்.