பேரை நடுவில் போட்ட படம்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தோம். முடிந்ததும் டிவியே கேள்வி கேட்கிறது. படம் பிடித்ததா? எத்தனை ஸ்டார்?

என் மகள் ரெண்டு ஸ்டார் என்றாள். மருமகன், செகண்ட் ஹாஃப் ஒரே இழுவை என்றார். பாதிப் படத்திலேயே தூங்கிப்போன என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம்" என்றார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"நாலு ஸ்டார் போடு."

"போன வாரமும் நாலு. அதுக்கு முந்தின வாரமும் நாலு. உங்களுக்கு ரசனையே இல்லம்மா!"

ரசனை இல்லையாம்... எனக்கு! ஒரு படத்தைப் பற்றி நாலு பேர் சொன்ன கருத்தால் கல்யாணமே ஆனவள் நான். உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேனா? சொன்னதாக ஞாபகம் இல்லை. கேளுங்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், முதன்முதலாக வீடியோ பெட்டி வாங்கியவர் என் அப்பா. பேக்டரியில் இலை காய வைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவர். அந்த மெஷினையாவது இன்னொருவரைத் தொட விடுவார். வீடியோவைத் தொட எனக்கு மட்டும்தான் அனுமதி. பிளே, ஸ்டாப், ரிவைண்ட் எல்லாம் என் ராஜ்ஜியம்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் லயமே எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். பாய் விரித்து பெண்கள், பின்னால் பெஞ்சில் ஆண்கள், ஜன்னலுக்கு வெளியே ஸ்வெட்டர் போட்ட சில தலைகள்.

அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். படம் பார்த்தவர்கள் எழுந்து கருத்துச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தே ஓ. பால் விடாத, சூடான, எங்கள் தோட்டத்துத் தேயிலை. அந்தக் குளிரில் அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் இல்லையா?

முதல் கருத்து எப்போதும் பெரிய கிராணி ஐயாவுடையது. தோட்டத்து ஆபீஸில் துரைக்கு அடுத்த ஆள். நல்ல தாட்டியான உடம்பு. எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "டைரக்ஷன் பரவாயில்லை" என்பார். அதற்குப் பிறகு பேசுகிற எல்லோருக்கும் டைரக்ஷன் பரவாயில்லைதான்.

இரண்டாவது, பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. கொழுந்து எடுக்கிறவர். படத்தில் யாராவது செத்தால் சொந்த அண்ணன் போன மாதிரி அழுவார். அழுது முடித்துவிட்டு, "இவன் எதுக்கு இம்புட்டு பேரைச் சாகடிக்கிறான்?" என்று டைரக்டரைத் திட்டுவார்.

இப்படி இருக்கையில்தான் கிராணி ஐயா எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தார். மலையில் இன்னும் மேலே இருந்த திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். பெயர் மாரிமுத்து.

பெயரைக் கேட்டதுமே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன், வளைவு ஒன்றில் எங்கள் பஸ்ஸும் ஒரு முட்டைக்கோஸ் லோரியும் நேருக்கு நேர் வந்து நின்றன. "ஏய் மாரிமுத்து!" என்று பஸ் டிரைவர் கத்தினார். லோரிக்காரர் பதிலுக்குக் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே, அவ்வளவு பெரிய லோரியை மேட்டில் பின்னாலேயே கொண்டுபோய் வழிவிட்டார். அந்தச் சிரிப்பை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவள் நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இந்த இடம் எனக்கு அமைய வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா? அவரைப் பற்றி மலை முழுக்கப் பேச்சு. ஏற்கனவே இரண்டு பெண்களை வேண்டாம் என்றவர். ஒருத்தி தட்டை வைக்கும்போது சத்தம் கேட்டதாம். இன்னொருத்தி வேகமாக நடந்தாளாம். இரண்டுக்கும் தீர்ப்பு ஒன்றுதான்... "பொண்ணுக்கு நிதானம் பத்தாது."

நானோ அவசரத்துக்குப் பேர்போனவள்.

கிராணி ஐயா யோசனை சொன்னார். "பொண்ணு பாக்க வர்றதா வேணாம். ஞாயித்துக்கிழமை படம் பாக்க வர்ற மாதிரி வரட்டும். புடிச்சிருந்தா பேசுவோம். புடிக்கலனா படம் பாத்துட்டுப் போனாங்க, அவ்வளவுதான்லா. யாருக்கும் அவமானம் இல்ல."

எங்கள் லயத்தில் அது அப்போது மெல்ல மெல்ல வழக்கமாகிக்கொண்டிருந்தது. வீடியோ வந்ததில் யாருக்கு லாபமோ, பெண்ணைப் பெற்றவர்களுக்கு நிம்மதி.

அந்த ஞாயிறும் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரிங்லெட் டவுனில் மளிகையோடு கேசட்டும் வாடகைக்குக் கொடுக்கிற முஸ்லிம் நானா ஒருவரின் கடை இருந்தது. ஒரு படம் என்றால் இரண்டு கேசட். நானா அவற்றின்மேல் துண்டுத் தாளில் 1, 2 என்று எழுதி ஒட்டியிருப்பார். மலைக்கு ஏறி வருவதற்குள் பனி ஈரம் கேசட்டுக்குள் இறங்கிவிடும். அப்படியே போட்டால் டேப் உள்ளே ஒட்டிக்கொண்டு சிக்கும். அதனால் துண்டில் சுற்றி, விறகடுப்புக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் காய வைத்துத்தான் போடுவோம். கீழே, மலையடிவாரத்துத் தாப்பாவில் இருப்பவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது சோறு வடிக்கிற மாதிரி சாதாரண வேலை.

அன்றைக்குப் புடவை கட்டுகிற பதற்றத்தில் துண்டை அடுப்புக்கு ரொம்பக் கிட்டே வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் பசை இளகி, இரண்டு தாளும் துண்டோடு வந்துவிட்டன. வாசலில் லோரிச் சத்தம். "சரசு, வந்துட்டாங்க புள்ள!" என்று அம்மா கத்துகிறார். எது ஒன்று, எது இரண்டு? கையில் கிடைத்ததில் கிடைத்ததை ஒட்டினேன்.

மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் கிராணி ஐயா. மாப்பிள்ளை பெஞ்சில். நான் தலையைக் குனிந்து, மெதுவாக நடந்து — மிக மெதுவாக — போய் கேசட்டைத் தள்ளிவிட்டு பிளே அழுத்தினேன்.

பெயர் ஓடவில்லை. பாட்டு இல்லை. எடுத்த எடுப்பில் கதாநாயகி வெள்ளைப் புடவையில் அழுதுகொண்டிருந்தாள். சுவரில் அவள் மாமியார் படத்துக்கு மாலை!

மாற்றிப் போட்டுவிட்டேன். இரண்டாவது கேசட். பெண் பார்க்க வந்த வீட்டில், முதல் காட்சியே தாலி அறுத்த பெண்ணும் செத்துப்போன மாமியாரும். நிறுத்தினால் என் அவசரம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஓட விட்டால்? அதுவும் தெரிந்துவிடும். ஸ்டாப் பட்டன்மேல் விரலை வைத்தேன். அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"கைய எடும்மா. ஓடட்டும்" என்றார் கிராணி ஐயா. பிறகு மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார். "இது புது பேஷன் அக்கா. நேரா கதைக்குள்ள போயிட்டான் பாருங்க. எல்லாம் பின்னால பிளாஷ்பேக்ல வரும்."

அந்த அம்மா என் கையைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

கதாநாயகி கஷ்டப்பட்டாள். வில்லன் மாட்டினான். ஜெயிலில் செத்ததாக நினைத்த கதாநாயகனும் கடைசியில் நிஜமாகவே செத்துப்போனான். "வணக்கம்" என்று எழுத்து வந்தது. அடுத்த கேசட்டைப் போட்டேன். டமடமவென்று இசையோடு படத்தின் பெயர் ஓட ஆரம்பித்தது.

"இப்பத்தான் பேரு போடுறானா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

செத்தேன் என்று நினைத்தேன்.

"நல்லவன் அக்கா" என்றார் கிராணி ஐயா, கொஞ்சமும் அசராமல். "முதல்ல வேலையக் காட்டிட்டான். அப்புறம்தான் பேரு."

திரையில் மாமியார்க்காரி எழுந்து வந்து காப்பி குடித்தாள். பாக்கியம் அக்கா வாயைத் திறந்தார். "அட, இவ செத்தவ..." கிராணி ஐயா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "பிளாஷ்பேக்தானே, எனக்குத் தெரியாதா?" என்று அக்கா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அப்பா மட்டும் உலகத்தையே மறந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் கல்யாணம். மாலை மாற்றுகிறார்கள். பூ கொட்டுகிறது. அடுத்து திரையில் "இடைவேளை" என்று வரப்போகிறது. எனக்குத் தெரியும், எந்தப் படமும் இடைவேளையோடு முடியாது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். அதற்குள் கிராணி ஐயா திடீரென்று எழுந்தார். அந்தத் தாட்டியான உடம்போடு டிவிக்கு முன்னால் வந்து நின்று, "மங்களமா முடிஞ்சிருச்சு!" என்று கைதட்டினார். ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. பாய்ந்து ஸ்டாப்பை அழுத்தினேன்.

கருத்து நேரம். எனக்கோ தூக்குமேடை.

கிராணி ஐயா, "டைரக்ஷன்... பிரமாதம்" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

பாக்கியம் அக்கா, "எத்தன படம் பாத்துட்டேன். எல்லாத்துக்கும் அழுதுக்கிட்டேதான் வீட்டுக்குப் போயிருக்கேன். இன்னைக்குத்தான் சிரிச்சுக்கிட்டே போறேன்லா!" என்றார். அது சத்தியமான வார்த்தை. யோசித்துப் பாருங்கள், சோகத்தை முதலில் முடித்துவிட்டு, கல்யாணத்தில் கொண்டுவந்து விட்ட படம் வேறு உண்டா?

மாப்பிள்ளையைப் பார்த்து அப்பா, "தம்பி, நீங்க சொல்லுங்க. சொன்னாத்தான் தே ஓ" என்றார்.

அவர் எழுந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். வளைவில் பார்த்த அதே சிரிப்பு. "மத்த படத்துல முடிவுல ஆளுங்க செத்துப் போறாங்க. இதுல செத்தவங்க எல்லாம் நல்லபடியா திரும்பி வந்துட்டாங்க. எனக்குப் புடிச்சிருக்கு."

"எது, படமா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து யாரோ கேட்க, வீடே சிரித்தது.

கடைசியாக அவருடைய அம்மா. தே ஓவை ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"பொண்ணு நிதானமா இருக்கா" என்றார்.

அடுத்த மாதம் நிச்சயம். தையில் கல்யாணம்.

கல்யாணம் முடிந்த வாரத்தில், மனசு கேட்காமல் என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "பேரு ஓடுனப்பவே தெரியும் சரசு. நான் லோரிக்காரன். ரிவர்ஸ்ல போனாலும் வீடு போய்ச் சேர்ந்தா சரிதான்" என்றார்.

கிராணி ஐயாவிடம் அவர் வேலையை விட்டுப் போகிற நாளில் கேட்டேன். "முதல் சீன்லயே தெரியும்மா. வாய்க்கு வந்தத அளந்து விட்டேன். என் வாழ்க்கையில நல்ல கருத்து சொன்னது அந்த ஒரு நாள்தான்" என்று சிரித்தார். படத்தைப் பற்றித்தான் மனிதர்கள் பேசுகிறார்கள் என்று நினைக்கிறோம். எங்கே? பாதி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

என் மாமியாரான அத்தையிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. பயம்! வருஷங்கள் ஓடி, என் மகள் நடை பழகிய சமயம். திரிங்காப்பில் எங்கள் வீட்டுக்கும் வீடியோ வந்திருந்தது. அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னைக்காச்சும் ஒண்ணாவது கேசட்ட முதல்ல போடு" என்றார்.

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின வாரம்தான் என் தங்கச்சி வீட்டுல அந்தப் படத்த முழுசா பாத்தேன்."

"அப்போ ஏன் ஒண்ணும் சொல்லல?"

அத்தை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பட்டன்மேல உன் விரலு அந்த நடுக்கம் நடுங்குச்சு. என் மவன வேணாம்னு நெனைக்கிற பொண்ணு எதுக்கு அப்படி நடுங்கணும்?"

வெங்காயம் உரித்தவர் அவர். கண் கலங்கியது எனக்கு.

இப்போது சொல்லுங்கள், நான் எப்படி ஒரு படத்துக்கு ரெண்டு ஸ்டார் போடுவேன்?

அப்பாவிடம் மட்டும் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. நானா கடைக்குப் போகும்போதெல்லாம் அதே டைரக்டரின் அடுத்த படத்தைக் கேட்டு வாங்கி வருவார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்: "இவனும் கெட்டுப்போயிட்டான்... முதல்லயே பேரு போடுறான்!"