மேரி அக்கா விட்டுவைத்த ஓட்டை

ஆரோக்கியமேரி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அவருடைய மகள்தான் போன் செய்தாள். "மாமா, அம்மா பூசைக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க."

கள்ளக்குறிச்சியில் அக்கா கை படாத காஸ் அடுப்பு குறைவு. பழைய கேரவன் வண்டிகளைக் குடியிருக்கும்படி மாற்றும்போது அவர் செய்த வேலையோ கூட இருந்த எங்களில் சிலருக்குத்தான் தெரியும். வண்டியின் கூடு என் பொறுப்பு. உள்ளே எரிவதெல்லாம் அவர் பொறுப்பு.

வெள்ளிமலை பொன்னுசாமி, மனைவியோடு குடியிருக்க ஒரு பழைய கேரவனை வாங்கி வந்தார். அதிலிருந்த பித்தளை வாட்டர் ஹீட்டர்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. வெடிப்பு விட்டிருந்த ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் அக்கா மாற்றினார். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். பிறகு ஹீட்டரை வெளிச்சுவரில் மாட்டச் சொன்னார்.

"உள்ள இருந்தாத்தாங்க அழகு" என்றார் பொன்னுசாமி.

"அழகுதாங்க. ஆனா நீங்க மூச்சு வுடுற காத்தத்தான் அதுவும் தின்னும். கதவ சாத்திக்கினு தூங்குற எடமாச்சே."

பொன்னுசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அக்கா அந்த ஹீட்டரைக் கரி போகச் சுரண்டி, பளபளவென்று துலக்கி, வெளியே தகரக் கூரைக்குக் கீழே மாட்டிய பிறகுதான் பொன்னுசாமி சிரித்தார்.

சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போடச் சொன்னதும் அக்காதான். "காஸு கனம் தம்பி. கசிஞ்சா கீழதான் எறங்கும். அது வெளிய போவ ஒரு வழி வேணும்."

மார்கழியில் ஒருநாள் அக்கா என்னை வெள்ளிமலைக்குக் கூப்பிட்டார். "இன்னாக்கா, ரிப்பேரா?" என்றேன்.

"இல்ல. குளிரு ஜாஸ்தியா கீது. அதுக்கு அவங்க இன்னா பண்ணி வச்சிகீறாங்களோ, பாக்கணும்."

நாங்கள் போனபோது பொன்னுசாமியின் மனைவி டீ போடத் தீப்பெட்டியை எடுத்தார். அக்கா வாசலிலேயே மூக்கைச் சுளித்தார். "பத்த வெக்காதீங்க!" ஓடிப்போய்த் தீப்பெட்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார். சிலிண்டர் வால்வை மூடினார், சன்னல்களைத் திறந்தார், எல்லோரையும் வெளியே அனுப்பினார். காலையில் சிலிண்டர் மாற்றியபோது ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை. பெட்டியின் அடி ஓட்டையில் சாக்கு திணித்திருந்ததால், கசிந்த காஸ் வண்டிக்குள் புகுந்திருந்தது.

"பாம்பு பூந்துடும்னு நாந்தாங்க அடச்சேன்" என்றார் அந்தம்மா.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாம இருக்க முடியுமா? காடாச்சே. நாந்தான் அன்னிக்கே வலை அடிச்சிருக்கணும்." அன்றே கம்பிவலை அடித்தோம். டீயும் குடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

முடித்துக் கொடுத்த வண்டியை, யாரும் கூப்பிடாமலே போய்ப் பார்க்கும் பழக்கம்தான் அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது. அடக்கம் முடிந்த மறுவாரம், நாங்கள் கடைசியாகச் சேர்ந்து முடித்த வண்டியைத் தேடி எலவனாசூர்கோட்டைக்குப் போனேன்.

"இன்னாங்க, வேல எதுனா பாக்கி கீதா?" என்றார் அந்த வண்டிக்காரர்.

"இல்லீங்க. எப்டி இருக்கீங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஏறுமுன் நான் குனிந்து, சிலிண்டர் பெட்டியின் அடி ஓட்டை திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.