பலகையின் மறுபக்கம்

பேராதனையில் பொறியியல் படிப்பிக்கும் ஸுலைஹாவுக்கு நாற்பத்தொரு வயது. கெட்டம்பேயில் ஒற்றை அறை வீடு. தேநீர்க் கோப்பையும் ஒன்றுதான். இரண்டாவதற்கு ஆள் வருவதில்லை.

அவள் செய்யும் கணக்கு எல்லைக் கூறு முறை. மண்டபத்தில் ஒலி எப்படிப் பரவும் என்றறிய உள்ளிருக்கும் காற்றையெல்லாம் அளக்க வேண்டாம். சுவர்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒலியை எவ்வளவு விழுங்கும், எவ்வளவு திருப்பும் என்று சொன்னால் போதும். மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஒலியிடம் ஒரு நேர்மையும் உண்டு. இங்கிருந்து அங்கே எவ்வளவு கேட்குமோ, அங்கிருந்து இங்கேயும் அவ்வளவே கேட்கும்.

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின் குத்பாப் பிரசங்கம் பெண்கள் பகுதிக்கு விளங்குவதில்லை, இரைச்சல்தான் வரும். அதைத் திருத்த வழி சொல்லி வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். கணக்கோ அளவீட்டோடு ஒட்டவேயில்லை. நான்கு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் பலகைக்கு இரண்டு முகம். தன் பக்கத்து வெறும் பலகைக்குரிய எண்ணையே இரண்டு முகத்துக்கும் எழுதியிருந்தாள். சிறுவயதிலிருந்து போகும் பள்ளிவாசலில் மறுபக்கத்தை அவள் கண்டதேயில்லை. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானைக்கு இப்படிச் சறுக்காது.

கேட்பதற்கு இருந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன், நிஸாம் நானா. உம்மா மௌத்தாகி அடக்கமான அன்று இவள் வெளிநாட்டு மாநாடொன்றில் தொலைபேசியை அணைத்து வைத்திருந்தாள். அன்றிலிருந்து மூன்று வருடமாக அவர் பேசவில்லை. பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? இவளுக்கும் வீம்பு குறைவில்லை.

அழைத்தாள். ஸலாம் சொல்லி, பலகையின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

"மொத்தமான பச்சத் திரையொண்டு ஈக்கிது. மேலருந்து கீழ வரக்கும்." பிறகு, "ஒனக்கு இருமல் இன்னும் சொகமில்லயா? மூணு ஜும்ஆவாக் கேக்குது. நான் பலகையோடதானே ஈக்கிற."

மருந்து எடுத்ததாகச் சொன்னாள். அவர் "ம்" என்றார். அழைப்பு நின்றது.

தடித்த திரைக்குரிய எண்ணைப் பதித்ததும் கணக்கும் அளவீடும் ஒட்டிக்கொண்டன. ஸுலைஹா சந்தோஷப்படவில்லை, அழுதாள். அவளும் எப்போதும் அந்தப் பலகையோரம்தான் உட்காருவாள். அவர் ஒருமுறை செருமியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்கும்.