மேலிருந்து தெரிந்த பச்சை

விண்வெளியிலிருந்து திரும்பிய ஒருவரைக் கலத்துக்குள்ளிருந்து தூக்கி வெளியே எடுப்பதை நான் முதன்முதலில் பார்த்தது, வளைகுடா நாட்டில் எங்கள் முகாமின் சமையல் கூடத்தில், ஒரு கைபேசியில். மாதக்கணக்கில் மிதந்தவருக்குக் கால் ஊன்றவில்லை. தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேலே போன பிறகுதான் பூமி எவ்வளவு அழகு, எவ்வளவு சின்னது என்று தெரிந்தது, பார்த்ததும் அழுதுவிட்டேன் என்று அவர் சொல்வதாக, மொழி தெரிந்த ஒருவன் எங்களுக்குச் சொன்னான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்ல. பட்டுக்கோட்டையைத் தாண்டி, கடலை ஒட்டிய கடைமடைக்காரர். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து கடைசியாக அங்கே போக வேண்டும். பல வருடங்களில் போகாது. நான் நீடாமங்கலம். எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பி, அறுவடை இயந்திரம், லாரி, செங்கல் சூளை என்று சுற்றி, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் அவரோடு வந்து சேர்ந்தேன். “ஒங்க ஊருல தண்ணிய பிரிச்சு வுடுறானுவோ. பிரிச்சது போக எங்களுக்கு வர்றது வெறும் காத்துதான்டா” என்று, ஏதோ நானே மதகை அடைத்தவன் போல என்னை வம்புக்கு இழுப்பார்.

அன்றைக்கு அவர் கேட்டார். “ஏன்டா, அவரு கண்ணுக்கு எங்க ஊரு தெரிஞ்சிருக்குமா?”

“பஸ்ஸுல போறவனுக்கே தெரியாதுண்ணே ஒங்க ஊரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேலேயிருந்து எடுத்த வரைபடம் கைபேசியிலேயே இருக்கிறது என்று நான்தான் காட்டினேன். விரலால் நகர்த்தி நகர்த்தி ஏரி, கோயில், தென்னந்தோப்பு என்று பிடித்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். சுற்றிலும் அறுவடை முடிந்த வயல்கள் மண் நிறத்தில் கிடக்க, நடுவில் அவருடைய வயல் மட்டும் கரும்பச்சையாக இருந்தது.

“தம்பி போர் போட்டுட்டான்டா” என்றார். “கோடை நடவு. பாரு, ஊரே காஞ்சு கெடக்கு, நம்ம வயலு மட்டும் எப்படி நிக்குது!”

அந்தப் போர்க்கிணறு போடத்தான் ஊரிலிருந்த தம்பிக்குச் சம்பளத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆள் எவனும் வயலில் பச்சையைப் பார்த்தால் நெல் என்றுதான் நினைப்பான்.

போனில் கேட்டபோது தம்பியும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு தினமும் பார்த்தார். வேலைக்கு ஏறும் முன்பு ஒரு தடவை, இறங்கிய பின்பு ஒரு தடவை. படம் மாறவில்லை, அவர் மாறினார். ஊரில் இருந்தவரை அந்த மண்ணைத் திட்டாத நாள் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது அதன் வரப்பு வளைவைக்கூடக் குழந்தையின் காது மடலைப் பற்றிப் பேசுவது போலப் பேசினார். ஒப்பந்தம் முடியும் நேரம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று மேற்பார்வையாளர் கேட்டார். ஊருக்குப் போகிறேன் என்றார் அண்ணன். அந்த வயதில் ஒரு தடவை போனால் திரும்ப எடுக்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

எனக்கு எந்த ஊரிலும் கால் தங்கியதில்லை. விட்டுக் கிளம்பிய பிறகுதான் ஒவ்வொரு ஊரும் பிடித்திருக்கிறது. அதனால் அந்த விண்வெளிக்காரர் அழுதது பொய்யில்லை என்று நம்புகிறேன். ஆனால் அத்தனை உயரத்துக்குக் கீழே இருப்பதில் நிறம் மட்டும்தான் போய்ச் சேருகிறது. முள்ளும் உப்பும் போய்ச் சேருவதில்லை.

சில மாதம் கழித்து நானும் வந்தேன். அண்ணனைத் தேடிப் போனபோது அவர் வயலில் கோடரியோடு நின்றார். வயல் முழுக்கச் சீமைக்கருவேலம், ஆள் உயரத்துக்கு மேல். போர் போட்டது உண்மை. நிலத்தடியில் கடல் உள்ளே ஏறி, வந்தது உப்புத் தண்ணீர். அதைப் பாய்ச்சி ஒரு நடவு கருகியது. அப்புறம் யாரும் இறங்காத நிலத்தில் முள் ஏறிவிட்டது.

“சொன்னா அங்க உசரத்துல நின்னு வேலை பாக்குற ஆளு, மனசு வுட்டுட்டு கீழ வுழுந்துடுவீங்கன்னு பயந்துட்டேன்” என்றான் தம்பி, அண்ணன் முகத்தைப் பார்க்காமல்.

“நல்லவேளை, மொள்ள எறங்கி வந்து வுழுந்தேன்” என்றார் அண்ணன்.

இப்போது இருவரும் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். கையெல்லாம் முள் கிழித்த தழும்பு. அண்ணனுக்கு இருமல் நிற்பதில்லை. வேரைத் தோண்டி எடுக்க வசதியில்லாததால் வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கிறது. போன மாதம் நான் போனபோது கரி மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். தூத்துக்குடிக்கு, அங்கிருந்து கப்பலில், நாங்கள் சாரம் கட்டிய அதே நாட்டுக்கு, இறைச்சி சுட.

அண்ணன் கடைசி மூட்டையை முதுகால் முட்டி ஏற்றிவிட்டு, மூச்சு வாங்கியபடி லாரியைக் கையால் தட்டினார்.

“நான் வந்துட்டேன்டா. வயலு கெளம்பிடுச்சு.”

லாரி நகர்ந்தது. இருமல் அடங்கியதும் அவர் அடுத்த மரத்துக்குப் போனார்.