மச்சான் நின்று நின்று ஏறிய மேடு

மாப்பிள்ளைக்குத் தொழில் பல் செட் செய்வது. மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, உரசி, பளபளப்பேற்றி, ஊரில் பாதிக் கிழவர்களை மறுபடி வாய்விட்டுச் சிரிக்க வைத்தவர். "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டது அக்காள் புருஷன். அவருக்கு இருந்த தொண்டைக்கு, பல் லேபில் கூட வேலை பார்த்தவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி.

அந்த மச்சான் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் பட்டனை அழுத்தி மேலே அனுப்புகிறவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் தான் மட்டும் பெடல் மிதித்து மேடு ஏறுவார். கூடவே மாப்பிள்ளை. மழை பெய்தாலொழிய, பன்னிரண்டு வருஷமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

மச்சானுடையது மெல்லிய டயர் போட்ட ரோடு பைக். மாப்பிள்ளையுடையது மவுண்டன் பைக். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் வாங்கிய புண்ணியவான் அவர் ஒருவர்தான். இருந்தது ஒரே மேடு, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பாதை. அதில் அந்தத் தடித்த டயர் உறுமிக்கொண்டே ஊரும். மச்சான் மேலே போய், தொட்டிச் சுவரில் சாய்ந்து, வேர்வை காய்ந்த பிறகுதான் இவர் தலை தெரியும்.

"வண்டி கனம், மச்சான்!"

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். போடா!"

அந்தச் சுவரோரம் எவ்வளவு பேச்சு, எவ்வளவு வம்பு! அக்கா இல்லாத இடத்தில் அக்காவைப் பற்றி இருவரும் ஆள் மாற்றி ஆள் புலம்பிக்கொள்வார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் வந்துபோயின என்று மாப்பிள்ளைக்கு இப்போது நினைத்தாலும் தோன்றுகிறது.

கடைசி இரண்டு வருஷமாக மச்சான் ஒரே மூச்சில் உச்சிக்குப் போவதில்லை. ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று திரும்பிப் பார்ப்பார். "மெதுவா வா, மாப்ளே. ஒண்ணும் அவசரமில்ல." மாப்பிள்ளைக்கு அது முள்ளாய் உறுத்தியது. தன்னால் ஒரு மனிதர் இப்படிக் காத்துக் கிடக்கிறாரே! அந்த வெட்கத்தில்தான் அவரும் ஒரு ரோடு பைக் வாங்கினார். மச்சானிடம் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிறு புது வண்டியைப் பார்த்ததும் மச்சான் முகம் ஒரு கணம் வாடியது. பொறாமை என்று நினைத்து மாப்பிள்ளை உள்ளுக்குள் குதித்தார். வளைந்த ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்தால் முன் சக்கரமும் ரோடும்தான் தெரிந்தன. இரண்டு மிதிக்கு ஒரு கம்பம் பின்னால் போனது. சின்னப் பிள்ளை போல வாய் திறந்து சிரித்துக்கொண்டே மிதித்தார். தொட்டியடியில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், ரோட்டில் ஆளே இல்லை.

பதறிக்கொண்டு கீழே வந்தார். மூன்றாவது கம்பத்தடியில் வண்டியைக் கிடத்திவிட்டு மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தார். சீட்டுக்கடியில் தொங்கும் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கடியில் வைத்தார். பஞ்சர் ஒட்டுகிற சாமான்கள் இருக்கும் பை என்றுதான் மாப்பிள்ளை இத்தனை நாள் நம்பியிருந்தார்.

"நெஞ்சுல அடைப்புடா. மேடு ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு." மச்சான் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "நீ பின்னாடி ஊர்ந்து வந்தவரைக்கும் பிரச்சினை இல்ல. உனக்காக நிக்கிற மாதிரி நின்னுக்குவேன்."

மாப்பிள்ளை புது வண்டியைக் கீழே போட்டார். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வாசலைத் தாண்ட விடுவாளா? சொல்லிடாத, மாப்ளே. சொன்னா நம்ம ஞாயித்துக்கிழமை போச்சு."

மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகை நீவிவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தைவிடப் பெரிதாக அவரிடமும் எதுவும் இருக்கவில்லை.

"போனா போகட்டும், மச்சான்" என்றார். "இன்னிக்கே அக்காகிட்ட சொல்லப்போறேன்."