கந்தம்மாள் பாத்தியில் விரித்த ஈயத்தாள்

எங்கள் மலைக்கிராமமான கூக்காலில் கந்தம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. மழை வராவிட்டால் மேகத்தையே ஏசுவாள். அப்படிப்பட்டவள் ஒரு காலை முழுவதும் பேச்சு மூச்சில்லாமல் தன் தோட்டத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டம்.

அறுபத்து இரண்டாம் வருஷம் என்று நினைவு. அதற்கு முந்திய இரண்டு போகமும் எங்கள் ஊரில் பட்டர் பீன்ஸ் விளங்கவில்லை. நாலு இலை விட்டதும் அசுவினி என்கிற பச்சைப் பேன் இலையடியில் வந்து அப்பிச் சாறு உறிஞ்சும். இலை மஞ்சள் பூத்துச் சுருளும், செடி கூனிப்போகும். ஊரெல்லாம் விதை தீர்ந்துவிட்டது. கந்தம்மாளிடம் மட்டும், பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பெருமணி விதை ஒரு சுரைக்குடுக்கையின் அடியில் கொஞ்சம் கிடந்தது. பழைய விதை. இன்னொரு வருஷம் வைத்தால் முளைக்காது. போட்டதும் போனால் அந்த இனமே போயிற்று. வேறு வழியில்லாமல் அத்தனையையும் போட்டாள்.

எல்லாம் கண்ணேறு என்று ஊர் சொன்னது. அவள் கணவன் பொன்னுச்சாமி கோடைக்கானல் டீக்கடை ஒன்றிலிருந்து, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டிவரும் பளபளக்கும் ஈயத்தாளைக் கட்டாகச் சுமந்து வந்தான். பொல்லாத கண் கூசித் திரும்பட்டும் என்று கம்பு நட்டுக் கட்டினார்கள். எங்கள் ஊர்க் காற்று சும்மா விடுமா? விடிவதற்குள் எல்லாம் பாத்தியில் கிடந்தன. திரும்பக் கட்டினால் திரும்பவும் கீழே.

“மேல நிக்க மாட்டியா? அப்பக் கீழயே கெட!” என்று கந்தம்மாள் தாளைக் கிழித்து, முளைகளைச் சுற்றித் தரையோடு விரித்து, கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். முழுக்க முழுக்கக் கோபத்தில் செய்த சோலி.

பனி விலகி வெயில் ஏறிய ஒரு காலையில் பேன் வந்தது. சிறகு முளைத்த பேன், காற்றில் தூசியாக மிதந்து வந்து எங்கள் கிழங்குச் செடியில் இறங்கியது. கந்தம்மாள் பாத்திக்கு மேலே போனதும், தரையில் கிடந்த தாள் பளீரென்று வானத்தைக் காட்டியது. பேன் தடுமாறி மேலே எழும்பி அப்பால் போயிற்று. மறுபடி வந்தது, மறுபடி எழும்பியது. எது வானம், எது மண் என்று அதற்குத் தெரியவில்லை போலும். இத்தனை பெரிய மலையில், இத்தனை சின்ன உயிரும் வானத்தைப் பார்த்துத்தான் வழி போகிறதா?

“என்னய்யா இது?” என்றாள், அந்தக் காலை முழுவதும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த கந்தம்மாள் கடைசியில், மெதுவாக.

சேதி பரவியது. அவள் கொழுந்தன் சுப்புராஜ் தன் பட்டாணித் தோட்டத்தில் ஆளுயரக் கம்புகளில் ஈயத்தாளைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினான். திருஷ்டிக்குக் கட்டுவது கண்ணில் படுகிற உயரத்தில்தானே இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு! பேன் அதற்கடியில் சொகுசாகக் குடியேறியது.

“ஏலே, பேனு ஒன் மூஞ்சியவா தேடி வருது? தரையில விரி!” என்று வேலியோரம் நின்று அவள் கத்தியதை ஊரே கேட்டது. அதற்குள் பட்டாணி சுருண்டுவிட்டது.

கந்தம்மாளுக்கும் சோதனை வந்தது. செடி தழைத்துத் தாளை மூடியதும் ஒரு நாள் பேன் இறங்கியேவிட்டது. நுனி இலைகள் சுருண்டன. அவள் சோறு தண்ணி இல்லாமல் தோட்டமே கதியென்று கிடந்தாள். ஆனால் காய் பிடித்து முற்றத் தொடங்கியிருந்தது. தேறிய செடியை அந்தப் பேனால் சாய்க்க முடியவில்லை. பச்சைப்பிள்ளைப் பருவத்தைத் தாண்டினால் போதும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நெற்று உரித்த அன்று பொன்னுச்சாமியின் தலைத்துண்டு நிறைய விதை. சுப்புராஜ் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அந்த விதையையே பார்த்துக்கொண்டிருந்தான். கந்தம்மாளே எழுந்து போய் அவன் வேட்டி மடியில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். ஏசப்போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளோ அழுதுகொண்டிருந்தாள்.

“இந்த வித்து எங்கிட்ட மட்டும் இருக்கேன்னு ஒறக்கமில்லாமக் கெடந்தேன்லே. இனிமே நீயும் வச்சுக்க.”