கை மாறி வந்த கல்

செங்கம்மாவின் புருஷன் தனசேகர் குவைத்துக்குப் போனவன். போன புதிதில் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. அப்புறம் அந்த நம்பரைப் போட்டால் யாரோ ஒருத்தி அரபியில் பேசிவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிச்சாட்டூர்க்காரர் ஒருவர் அவன் வேலை செய்த வீட்டில் விசாரித்து, அங்கே அவன் இல்லை என்று வந்து சொன்னார். அன்றோடு, குவைத்துக்குப் போகிறவர்கள் கையில் அவனுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்புவதை நிறுத்தினாள். பூ வைப்பதை நிறுத்தவில்லை. அதற்கு ஊர் என்ன பேசியது என்று சொல்லி நாம் ஏன் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

போன கோடையில் ஆரணியாற்று மேட்டில் பழங்காலத்து ஊர் ஒன்றைத் தோண்டினார்கள். செங்கம்மா மண் சலிக்கிற வேலைக்குப் போனாள். ஒருநாள் சல்லடையில் கறுப்பாக ஒரு சில்லு தங்கியது. கண்ணாடிப் பளபளப்பு, தொட்டால் விரலைக் கீறுகிற கூர்மை. பாட்டில் உடைசல் என்று வீசப் போனவளின் கையை நந்திதா பிடித்துக்கொண்டாள். திருப்பதியிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரி அவள். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சில்லின் மேல் வைத்து அளந்தாள், சில நாள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள், பிறகு செங்கம்மாவிடமே வந்து சொன்னாள்.

"இது எரிமலைக் கல்லு அக்கா. ஒவ்வொரு எரிமலைக் கல்லுலயும் உள்ள இருக்குற சரக்கோட அளவு வேற வேற. இது அரபு தேசத்து எரிமலை ஒண்ணோட பொருந்துது."

செங்கம்மா சல்லடையைக் கீழே வைத்தாள்.

"அங்கேர்ந்து யாரு எடுத்துக்கினு வந்தாங்க மேடம்?"

"ஒருத்தரே வந்திருக்க மாட்டாங்க. ஒரு ஊர்க்காரன் பக்கத்து ஊருக்குக் கொடுப்பான், அவன் கப்பல்காரனுக்குக் கொடுப்பான். கை மாறி கை மாறி வந்திருக்கும்."

"இங்க வாங்கினவனுக்கு, மொதல்ல கொடுத்தவன் யாருன்னு தெரியாதா?"

"தெரியாதுக்கா."

வீடு போய்ச் சேருகிற வரை அதே நினைப்பு. இத்தனை நாளும் 'அவர் கையில கொடு' என்று சொல்லியே தப்பு செய்துவிட்டோம் என்று தோன்றியது. மாங்காய் ஊறுகாய் போட்டாள். தன் பேரும் ஊரும் வெட்டிய எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, குவைத்துக்குக் கிளம்பிய பக்கத்துத் தெரு ஹரிபாபுவிடம் கொடுத்தாள்.

"அவரைத் தேட வேணாம் தம்பி. நம்ம ஊர்ப் பக்கத்து ஆளு யாரையாவது பார்த்தா கொடு. அவங்க அடுத்தவங்களுக்குக் கொடுக்கட்டும்."

"வழியிலயே துன்னுடுவாங்க அக்கா."

"துன்னட்டும்."

தை மாசம் டப்பா திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் சத்தியவேட்டுக்காரர். அவருக்கு நாராயணவனத்து ஆள் ஒருவன் கொடுத்தானாம். அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. திறந்தாள். கழுவித் துடைத்த டப்பா, உள்ளே ஒரு பிடி சர்க்கரை.

ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதவன் தனசேகர். வேலைக்குக் கொண்டுபோன சோற்று டப்பாவில்கூட நாலு வேர்க்கடலையாவது போட்டுக்கொண்டுதான் வருவான். ஆனால் நம் பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வான். அவளால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. டப்பாவோடு பஸ் ஏறித் திருப்பதிக்குப் போய் நந்திதா முன்னால் வைத்தாள்.

"இது யாரு போட்டதுன்னு உங்க மிஷின்ல பார்த்து சொல்லுங்க மேடம்."

நந்திதா டப்பாவை மூடி அவள் பக்கமே நகர்த்தினாள். "கல்லுக்கே அது ஊரைத்தான் சொல்லும் அக்கா. கொடுத்தது யாருன்னு சொல்லாது."

திரும்புகிற பஸ்ஸில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். எல்லாச் சர்க்கரையும் போலத்தான் இனித்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று ஏங்கி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சித்திரையில் மாங்காய் வந்தது. தெலுங்குக்காரர் வீட்டு ஊறுகாய் மாதிரி வெல்லம் போட்டால் தனசேகருக்கு ஆகவே ஆகாது. தட்டைத் தள்ளிவிட்டுத் திட்டுவான். இந்த முறை செங்கம்மா கை நிறைய வெல்லம் அள்ளிப் போட்டாள். வேறு யார் தின்றாலும் சர்க்கரை வரும். அவன் தின்றால் திட்டு வரும்.

டப்பாவை அழுத்தி மூடி, அடுத்துக் கிளம்புகிறவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.